குவைத்துக்குப் போன தகரப் பெட்டி

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில், தகரத்தை வெட்டி மடித்து, விளிம்புக்குக் கம்பி கொடுத்துப் பெட்டி செய்து விற்கும் கடைகள் அக்காலத்தில் இரண்டு மூன்று இருந்தன. 1976-ஆம் வருஷம் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரவு ஷிப்டு முடிந்து வந்து உறங்காமலே என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்ட என் தகப்பனார், அக்கடைகளில் ஒன்றில் ஒரு பெட்டியின் மூடியைப் பத்துத் தடவையாவது திறந்து மூடிப் பார்த்து, கீலில் விரலை வைத்து அழுத்தி, கொண்டியை இழுத்துச் சோதித்து, பிறகு அதன்மேல் தாமே ஏறி உட்கார்ந்து பார்த்துத் திருப்தியடைந்த பின்னரே மடியிலிருந்து பணத்தை எடுத்தார். பச்சைச் சாயம் பூசிய அப்பெட்டியின் மூடியில் வெள்ளை எழுத்தில் என் பெயரையும் விலாசத்தையும் எழுதுவதற்குப் பக்கத்திலேயே போர்டு எழுதுபவர் ஒருவர் இருந்தார். அவர் வெகுகாலப் பழக்கத்தினால் 'சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்., மைசூர் ஸ்டேட்' என்று எழுதி முடித்துவிட்டார். "கர்நாடகான்னு மாத்தி மூணு வருஷம் ஆவப்போவுதேப்பா" என்று அப்பா சொன்னதும், 1973-ல் ராஜ்யத்தின் பெயர் மாறியது அவருக்கு நினைவு வந்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அதைத் துடைத்துவிட்டு மேலே புதுப் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆயினும் பழைய எழுத்துகளின் சாயல் அடியில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. இன்றும் வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

எங்கள் குடும்பத்தில் பெட்டி என்று ஒன்றை விலை கொடுத்து வாங்கியது அதுவே முதல் தடவை. என் பாட்டனார் தங்கவயலுக்கு வந்தபோது மூட்டையோடு வந்தவர். சிவசமுத்திரத்துக் காவேரி நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ல் மின்சாரம் வந்து சேர்ந்து, ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் இரவு பகலாக ஆழத்துக்கு மேல் ஆழம் இறங்கிக்கொண்டிருந்த அந்நாட்களில், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் நிலமற்ற ஜனங்கள் சாரிசாரியாக இங்கே வந்தார்கள். குடியாத்தத்துக்கு அருகிலிருந்த ஒரு கிராமத்தில், பிறர் வயலில் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்த தாத்தா, இரண்டு படி கேழ்வரகையும் ஒரு துப்பட்டியையும் ஒரு மண்சட்டியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, அடுத்த அறுப்புக்குத் திரும்பிவிடுவதாகத் தம் தாயாரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாராம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அன்றி அவர் பிறகு அந்தக் கிராமத்தை மிதிக்கவில்லை. அவர் போட்ட கணக்கு ஒரு வருஷம். எழுபது வருஷத்துக்குப் பின்னும் நாங்கள் சுரங்கத்தார் கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். 1956-ல் சுரங்கங்கள் மைசூர் சர்க்காருக்குச் சொந்தமாயின; 1962-ல் மத்திய சர்க்காருக்கு மாறின; 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் வந்தது. முதலாளிகள் மாறினார்களே ஒழிய, வீடு மட்டும் எங்களுடையதாகவில்லை. அந்த லைனிலேயே பிறந்து வளர்ந்த எனக்குக்கூட 'ஊர்' என்று சொன்னால் குடியாத்தத்துக்கு அருகிலிருந்த அந்தக் கிராமமே மனத்தில் தோன்றும். ஆகவே பிழைப்புக்காக மூட்டை கட்டுவது எங்கள் ஜனங்களுக்குப் புதிய விஷயமன்று. கடலைக் கடந்து போவதே புதிய விஷயம்.

நான் போகவேண்டியிருந்த காரணத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. எண்ணெய் விலை ஏறியதன் பயனாக வளைகுடா நாடுகளில் பட்டறைகளும் கட்டடங்களும் எழும்பிக்கொண்டிருந்தன; ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை பயின்று, மூன்று வருஷமாகத் தினக்கூலியாக இருந்த எனக்கு, பம்பாயில் ஓர் ஏஜெண்டு மூலமாகக் குவைத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. அப்பா இருமத் தொடங்கியிருந்தார். பாறைத் தூளைச் சுவாசித்து வாழ்ந்தவர்களின் இருமல் எப்படித் தொடங்கி எங்கே போய் முடியும் என்பது எங்கள் லைனில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே அதில் எதை வைப்பது என்னும் ஆலோசனை தொடங்கிவிட்டது. போகிறவன் நான், ஆனால் என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. அம்மாவே எல்லாவற்றையும் நிர்ணயித்தாள். குவைத்து எந்தத் திசையில் இருக்கிறதென்பதுகூட அறியாத அவள், பரதேச வாழ்க்கைக்கு வேண்டிய சாமான்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுவதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமும் கொஞ்சம் கோபமும் உண்டாயின. வெகுநாள் கழித்தே அதன் மூலம் எனக்கு விளங்கிற்று. இருபத்தைந்து வருஷமாக, வாரத்தில் ஆறு நாள், அவள் ஒரு மனிதரைக் குவைத்தைக் காட்டிலும் தூரமான ஒரு தேசத்துக்குப் பை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தவள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளங்கள் பூமிக்குக் கீழே 10,000 அடிக்கும் அப்பால் இருந்தன. ஒரே கேஜில் ஏறி அவ்வளவு ஆழமும் இறங்கிவிட முடியாது. ஒன்றிலிருந்து இறங்கி நடந்து, வேறொன்றில் ஏறி மேலும் கீழே போகவேண்டும். அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்; குளிர்ந்த காற்றை யந்திரங்களின் மூலம் கீழே செலுத்தாவிட்டால் மனிதன் நிற்க இயலாது. அப்பேர்ப்பட்ட இடத்துக்குப் போகிறவரின் தூக்கில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது அம்மாவுக்கு ஒரு சாஸ்திரம். தேங்காய் சேர்ந்த பண்டம் நான்கு மணி நேரத்தில் நூல் விடும். ஆகவே ஷிப்டுச் சாப்பாட்டில் தேங்காய் கூடாது. புளி நிற்கும். களியைத் துணியில் சுற்றி வைத்தால் நிற்கும். உப்பைத் தனியாக ஒரு பொட்டலம் கட்டுவாள். வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு உப்பு கையிலேயே இருக்கவேண்டும் என்பாள். துண்டு இரண்டு: ஒன்று உள்ளே துடைத்துக்கொள்ள, மற்றொன்று மேலே வந்ததும் மாற்றிக்கொள்ள. நள்ளிரவில் சில சமயம் அடியில் பாறை வெடித்து, 'ஏர் பிளாஸ்ட்' என்று எங்கள் ஜனங்கள் சொல்லும் அந்த அதிர்ச்சியில், அடுக்கிலுள்ள பாத்திரங்கள் கலகலவென்று ஒன்றோடொன்று மோதும். அப்போது லைன் முழுவதும் விளக்கேறும். எந்தப் பக்கத்துச் சுரங்கம் என்று தெரிகிறவரையில் பெண்கள் வாசலிலேயே நிற்பார்கள். விடிந்து அப்பா வந்து பையைத் திண்ணையில் வைத்ததும், அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், அம்மா முதலில் தூக்கை எடுத்துத் திறந்து பார்த்து, அதைக் கழுவப் போவாள். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சாஸ்திரத்தையே அவள் குவைத்துக்கும் பிரயோகித்தாள். வெயில் தேசமாமே என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள், அவ்வளவு போதும். தேங்காய் ஒரு துணுக்குக்கூடச் சேராத பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, நல்லெண்ணெயில் சுருளக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், வெயிலில் மூன்று நாள் உலர்த்திய வற்றல், வறுத்த கேழ்வரகு மாவு, சட்டியில் வாட்டி ஈரம் போக்கிய கல்லுப்பு. கடலோரத்து ஊரில் உப்பு கிடைக்காதா என்று நான் கேட்டபோது, "கெடைக்கிற வரைக்கும் இன்னா பண்ணுவே, கண்ணு?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் கோங்குரா ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயை மெழுகுத் துணியால் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். என் பாட்டியான ஆயா தன் கையால் இடித்த குழம்பு மசாலாவை ஒரு டப்பா நிறையத் தந்தாள், ஆனால் பஹ்ரைனில் நான்கு வருஷம் இருந்து திரும்பியிருந்த ஒருவர் அதை முகர்ந்து பார்த்து, "கசகசா போட்டிருக்கா, ஆயா? அந்த ஊர்ல அதை வெச்சிருந்தா ஜெயில்" என்றார். வளைகுடா நாடுகள் பலவற்றில் கசகசா இன்றைக்கும் தடுக்கப்பட்ட பொருள். அதை அறியாமல் கொண்டுபோய்ச் சிறைப்பட்டவர்கள் உண்டு. ஆயா ஒன்றும் சொல்லாமல் டப்பாவை வாங்கிக் கொண்டுபோய், மறுநாள் கசகசா இல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து இடித்தாள்.

அடுக்குவது அப்பாவின் வேலையாயிற்று. அவருடைய முறை அம்மாவுடையதைக் காட்டிலும் வேறானது. தங்கச் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறவனைச் சோதனை போடாமல் விடுவதில்லை. மடி, பை, தூக்கு, தலைத்துண்டு எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டியே ஒவ்வொரு நாளும் வெளியே வந்தவர் அவர். குற்றமற்ற மனிதன் தினந்தோறும் கைகளை உயர்த்தி நிற்பதில் உள்ள வேதனையை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து கிடைத்த அறிவை அந்தப் பெட்டிக்குள் வைத்தார். சோதிக்கிறவன் எதைத் தேடுவானோ அது மேலே இருக்கவேண்டும்; பொடிகளும் டப்பாக்களும் அடியில் இருந்தால் மறைத்ததாக நினைத்துப் பெட்டியையே கவிழ்ப்பான்; மேலே இருந்தால் முகர்ந்து பார்த்து விடுவான். துணிகளை மடித்து நிறுத்தி வைத்தால் விரல் விட்டுப் பார்க்க இலகு. "அவன் கேக்கறதுக்கு முன்னாடி நீயே தொற. தொறந்துட்டு ஒரு அடி பின்னால நில்லு. கையைப் பெட்டிக்குள்ள விடாதே." இதை அவர் மூன்று தரம் சொன்னார்.

ராபர்ட்சன்பேட்டையில் எங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் பாய், அண்டிராயருக்கு உட்புறமாகப் பொத்தானோடு ஒரு பை தைத்துக் கொடுத்து, அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒருகாலத்தில் நம் ரூபாயே அந்தத் தேசங்களில் செலாவணியாக இருந்ததென்றும், ரிசர்வ் பாங்கு 1959-ல் அவற்றுக்கென்றே தனி நோட்டு அச்சடித்ததென்றும், 1961-ல் குவைத்து தன் தினாரைக் கொண்டுவந்ததோடு அங்கே அது நின்றுபோயிற்றென்றும் அவர் சொல்லித்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். என் பங்குக்கு நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள்: தாத்தா பத்திரப்படுத்தியிருந்த, எங்கள் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலையார் வெளியிட்ட அயோத்திதாச பண்டிதரின் சிறு நூல் ஒன்று. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கூடிய நாட்களில், எழுதப் படிக்கக் கற்ற ஒரு சுரங்கத் தொழிலாளி தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய புத்தகம் அது. அட்டை போய்விட்டது, நூலால் தைத்து வைத்திருந்தார்.

எனக்கும் அம்மாவுக்கும் பெரிய வாக்குவாதம் வந்தது கம்பளியைப் பற்றித்தான். பழைய சேலைத் துணியில் உறை தைத்து, வாய் மூடித் தைத்து, தலையணை போல ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் அடியில் வைத்தாள். சந்தையில் குறும்பர்கள் விற்கும் கறுப்புக் கம்பளி என்றாள். பாலைவனத்துக்குப் போகிறவனுக்குக் கம்பளி எதற்கு என்று நான் அதை எடுத்து வெளியே வைத்தேன். அவள் எடுத்து உள்ளே வைத்தாள். நான் மறுபடியும் எடுத்தேன். அப்போது அவள் கோபமில்லாமல், "நெருப்புக்குள்ள வேலை செஞ்சிட்டு மேல வர்றவனுக்குத்தான்டா குளிரு" என்றாள். தங்கவயல் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் உள்ள மேடு. மார்கழியில், அடித்தளத்து அனலில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு, வேர்வையோடு விடியற்காலையில் வெளியே வந்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளைத் தழுவி வரும் காற்றில் வீடு வரையில் நடக்கும் மனிதர்களை அவள் பார்த்தவள். நான் அதைப் பார்த்தும் யோசியாதவன். அப்பா ஒன்றும் பேசாமல் அதன்மேல் மற்றச் சாமான்களை அடுக்கத் தொடங்கினார்.

சாம்பியன் ஸ்டேஷனில் ரயிலேறினேன். பங்காருப்பேட்டையில் மாறி, ஜோலார்பேட்டை வழியாக அரக்கோணம் போய், அங்கே பம்பாய் மெயிலைப் பிடிக்கவேண்டும். பெட்டியை அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். 2001-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்ட பின், விடியாத இருட்டில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் தோளில் பை மாட்டிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், அந்தப் பைகளை யார் கட்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்வேன். விமானமேறும் பிள்ளைகள் இப்போது பெட்டியைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு, இருபத்து மூன்று கிலோவுக்குள் அடங்க ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார்கள். முதலில் வெளியே வருவது வீட்டார் வைத்த பொருளாகவே இருக்கிறது. அது தவறென்பது என் அபிப்பிராயம்.

பம்பாயில் மூன்று நாளில் கப்பல் என்று சொன்ன ஏஜெண்டு, பத்தொன்பது நாள் காத்திருக்க வைத்தார். தாராவியில் ஒரே அறையில் பதினான்கு பேர் தங்கினோம். திருநெல்வேலிக்காரர்களும் மலையாளிகளும் இருந்தார்கள். கையில் காசு குறையக் குறைய, இரண்டு வருஷத்துக்கென்று கட்டிய புளிக்காய்ச்சலும் பொடிகளும் அந்த அறையிலேயே பாதி தீர்ந்தன. என் பெட்டியை நான் திறந்தபின் பிறரும் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். ஒவ்வொரு தாயின் கைமணத்தையும் அங்கே அறிந்தோம். அந்தப் பண்டங்கள் குவைத்துக்குப் போய்ச் சேராததைப் பற்றி அன்று வருத்தப்பட்டேன். பசித்த வேளையில் அவை செலவானதைக் குறித்து இன்று வருத்தமில்லை.

1947-ல் கட்டப்பட்ட, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரின் 'துவாரகா' என்ற கப்பல் அப்போது பம்பாய்க்கும் வளைகுடாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. 1982-ல்தான் அது ஓய்வு பெற்றது. கீழ்த்தளப் பிரயாணிகளாகிய நாங்கள் எங்கள் ஜமக்காளத்தைத் தளத்திலேயே விரித்துக்கொண்டோம். கராச்சி, மஸ்கத்து, துபாய் என்று ஒவ்வொரு துறையிலும் பெட்டிகள் இறங்கின. கடைசியில் குவைத்துத் துறைமுகத்துச் சுங்க மேஜையின் முன் என் முறை வந்தபோது, கேட்பதற்கு முன் நானே கொண்டியை நீக்கி மூடியைத் திறந்து, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன். அதிகாரி மேலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். ஆயாவின் மசாலாவில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். மடித்த துணிகளுக்கிடையே கையைச் செலுத்தி அடியிலிருந்த உறையை அமுக்கிப் பார்த்துவிட்டு, சாக்கட்டியால் மூடியில் ஒரு கோடு கிழித்தார். எனக்கு முன்னால் நின்றவரின் பெட்டி தரையில் கவிழ்க்கப்பட்டு, அவர் முழங்காலிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மார்கழி பிறந்தது. பகலில் பட்டறையின் உலை முன்னால் நின்றுவிட்டு, இரவில் தகரக் கொட்டகைக்குத் திரும்பும்போது, பாலைவனத்துக் காற்று எலும்பைத் துளைத்தது. குவைத்தில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, பெட்டியின் அடியிலிருந்து அந்த உறையை எடுத்துத் தையலைப் பிரித்தேன். துவைத்து உலர்த்திய கறுப்புக் கம்பளி. அதை விரித்தபோது, ஓரத்தில் பீடி நெருப்புப் பட்டுத் தொளையான இடத்தில் சிவப்பு நூலால் போட்ட தையல் கண்ணில் பட்டது. அந்தத் தையலை எனக்குத் தெரியும். அது சந்தையில் வாங்கிய கம்பளியன்று. அப்பா ஷிப்டுக்குப் போர்த்திக்கொண்டு போகும் கம்பளி. வீட்டில் வேறு கம்பளி கிடையாது.

அப்பாவுக்கு உடனே ஒன்று வாங்கவேண்டுமென்று எழுதி, முதற் சம்பளத்தில் பணமும் அனுப்பினேன். தங்கையின் பதில் வந்தது: பணம் ஆயாவின் வைத்தியத்துக்கு ஆயிற்று, அப்பா கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போகிறார், இதை உனக்கு எழுதக்கூடாதென்று சொல்லியிருக்கிறார். மறு வருஷமும் அனுப்பினேன். அந்தப் பணம் தங்கையின் கல்யாணத்துக்குச் சேர்ந்தது.

1978-ஆம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் ஊர் திரும்பினேன். பெட்டியைத் திண்ணையில் இறக்கியதும் ஜனங்கள் கூடிவிட்டார்கள். டிரான்சிஸ்டர், சேலைகள், சென்டு பாட்டில்கள் எல்லாம் அதில் இருந்தன. அம்மா அவற்றை ஒதுக்கிவிட்டு, மூலையிலிருந்த என் எவர்சில்வர் தூக்கைத் தேடி எடுத்து, மூடியைத் திறந்து பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அதைக் கழுவக் கொண்டுபோனாள். அப்பா கம்பளியை எடுத்து உதறி, சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்து, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றிரவு பத்து மணி ஷிப்டுக்கு அதைப் போர்த்திக்கொண்டுதான் போனார்.